ஹெல்வியின் பாஷையில் ஒரு வாக்கியம்

10-9-79, திங்கள்

காலாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எழுதித் தர வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு 'எச்சம் என்றால் என்ன? சான்று தருக' என்று ஒரு கேள்வி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அதை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஹெல்வியை ஆஸ்பத்திரியிலிருந்து வியாழக்கிழமை கூட்டிவந்தோம். நடக்கிறாள். வலது கையில் பிடிப்பு இல்லை, இடது கையால் சாப்பிடுகிறாள். பிரசவ ஜன்னி மூளையைத் தொட்டுவிட்டதாம். டாக்டரம்மா சொன்னார்: "சின்ன வயசுல பேசின பாஷை மட்டும் மிஞ்சியிருக்கு. அப்புறம் கத்துக்கிட்டதெல்லாம் வரலாம், வராமலும் போகலாம்."

ஆறு வருஷமாக இந்த வீட்டில் தமிழ் பேசியவள். பின்லாந்திலிருந்து நெசவு பழக அம்மையார்குப்பத்துக்கு வந்தவள், தறியோரம் பெண்களோடு உட்கார்ந்து பேசிப் பேசியே கற்றுக்கொண்டாள். "இன்னா சார், சாப்ட்டுகினு இருக்கீங்களா?" என்று அவள் முதன்முதலில் கேட்டபோது, தமிழ் வாத்தியார் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணத்தன்று அம்மா அவளுக்கு வள்ளி என்று பேர் வைத்தாள். இப்போது ஒரு சொல் இல்லை. இங்கிலீஷும் போய்விட்டது. அவள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் பேசுவது அவளுக்குப் புரியவில்லை.

எங்களுக்குப் பிறந்தது பையன். கொஞ்ச நேரம்தான் இருந்தான். அவள் அப்போது நினைவில்லாமல் கிடந்தாள். நான் அவளை வண்டியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தையை நைனா எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்தார். இது எதுவும் ஹெல்விக்குத் தெரியாது.

சொல்ல ஒருவருக்கும் பாஷை இல்லை. சொல்லவும் கூடாதென்கிறாள் அம்மா. "பச்சை உடம்புக்காரிடா. அவகிட்ட போயி இதைச் சொல்லிகினு இருப்பியா? மறுபடி ஜன்னி வந்தா இன்னா பண்ணுவே?"

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. தங்கை மனோரமா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கும் பையன். வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கிறேன், தூளி காலி. குழந்தை ஹெல்வி மடியில். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், நம் பிள்ளையைப் பார்த்தாயா என்பது மாதிரி. மனோரமா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

11-9-79

வள்ளி என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஹெல்வி என்றால் திரும்புகிறாள். அம்மாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. "எல்லி, எல்லி" என்கிறாள்.

15-9-79, சனி

மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். "பின்லாந்து பாஷைக்கு இலக்கணம் இருக்கா?" என்றால் ஏதோ பைத்தியம் என்று பார்க்கிறார்கள். ஒருவர் ஜெர்மன் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "இதுவும் அந்தப் பக்கம்தான் சார்" என்றார். மத்தியானத்துக்கு மேல் ஒரு கிழவர் கோணிப்பையைக் கவிழ்த்து ஒன்றை எடுத்தார். அட்டை இல்லை. பின்லாந்து பாஷையை இங்கிலீஷில் சொல்லித் தரும் இலக்கணம், கடைசியில் சொற்பட்டியலும் இருக்கிறது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

சக வாத்தியார் ஒருவர் கேட்டார்: அவர்கள் நாட்டுக்காரர்கள் பம்பாயில் இருப்பார்களே, ஒருவரை வரவழைத்துச் சொல்லச் சொன்னால் என்ன? யோசிக்காமல் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒரு ஆள் என் வீட்டுக்கு வந்து, என் பெண்டாட்டியிடம் என் பிள்ளை செத்துப்போனதைச் சொல்ல வேண்டுமா? அங்கே அவளுக்கு இருப்பது ஒரு அக்கா மட்டும்தான். அவருக்கு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

நான்தான் சொல்ல வேண்டும். அவளுக்குப் புரிகிற பாஷையில்.

18-9-79, செவ்வாய்

செவ்வாய்தோறும் சாமி கும்பிடப் போகிற மலைக்கு இன்று போகவில்லை. அம்மா கேட்டாள். தலைவலி என்றேன். சாமிமேல் கோபம்தான், வேறென்ன.

20-9-79

எழுதியபடியே படிக்கலாம், அந்த ஒரு புண்ணியம். நம்மைப் போலவே குறிலும் நெடிலும் வேறு, ஒற்றும் இரட்டையும் வேறு. லப்ஸி என்றால் குழந்தை. வெஸி என்றால் தண்ணீர். இன்று 'வெஸி' என்று சொல்லித் தம்ளரை நீட்டினேன். ஹெல்வி கண் விரித்தாள். அப்புறம் மடமடவென்று ஏதோ பேசிக்கொண்டே போனாள், மூச்சு விடாமல். நான் விழித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் எட்டவில்லை என்பது பாதியில் அவளுக்குப் புரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

26-9-79, புதன்

இறந்தகால எச்சத்துக்கு வந்திருக்கிறேன். புத்தகம் எழுதிய துரை இங்கே மூச்சுத் திணறுகிறார். நம்மூர்ப் பையனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. துல்லா என்றால் வருவது. துல்லுத் என்றால் வந்த. 'துல்லுத் மியெஸ்', வந்த ஆள். நம் பெயரெச்சம். அதே துல்லுத்தோடு இருக்கிறேன் என்பதைச் சேர்த்தால் 'ஒலென் துல்லுத்'. வந்து இருக்கிறேன், வந்திருக்கிறேன். அச்சு அசல்! இல்லை என்பதே அங்கே ஒரு வினை, ஆளுக்கு ஆள் மாறும். 'என் துல்லுத்', நான் வரவில்லை. 'எய் துல்லுத்', அவன் வரவில்லை. எங்கோ பனியில் கிடக்கிற தேசம், நம்மைப் போலவே எச்சத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது.

விகுதி நுத். மெல்லிய உயிர் வரும் சொல்லில் ன்யுத் என்று மாறும். துல் என்பதோடு நுத் சேரும்போது, ந திரிந்து லகரமாகித் துல்லுத். முள்ளும் நுனியும் சேர்ந்து முண்ணுனி ஆகிறதே, அந்த மாதிரி. கரும்பலகையில் புணர்ச்சி விதி போட்டுக் காட்டுகிற சுகம் ஒரு நிமிஷம் வந்தது. அதே விதிக்கு அடுத்த எடுத்துக்காட்டு: குவொல், நுத். குவொல்லுத்.

விதியை முதலில் சரிபார்த்தேன். பிறகுதான் பொருளைப் பார்த்தேன். இறந்த.

28-9-79

லப்ஸி ஒன் குவொல்லுத். குழந்தை இறந்திருக்கிறது.

தேடியது கிடைத்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க இடமில்லை. வீட்டில் சொன்னால் அவளுக்குக் கேட்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் குளத்தங்கரையில் நின்று சொல்லிப் பார்த்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பூவம்மாள் நிமிர்ந்து, "இன்னா வாத்யாரே, மந்திரமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

2-10-79, செவ்வாய்

லீவு. இன்று ஹெல்வி சிரித்தாள். முதலிலிருந்து எழுத வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன். "ஒலெத்கொ ஸ்யொன்யுத்?" என்றாள். சாப்பிட்டிருக்கிறாயா? புரிந்துவிட்டது! முழு வாக்கியம் புரிந்துவிட்டது! நேற்றுத்தான் அடுத்த பாடம் பார்த்திருந்தேன், செயப்பாட்டு எச்சம். நுத்துக்குப் பதில் து, த்து என்று முடியும். யார் செய்தது என்றே அது சொல்லாது, நடந்தது என்று மட்டும் சொல்லும். படித்த பெருமையில் இரண்டும் குழம்பிவிட்டது. மார்பைத் தட்டிக்கொண்டு "ஒலென் ஸ்யொத்யு!" என்றேன்.

ஒரு கணம் விழித்தாள். பிறகு பொங்கிக்கொண்டு வந்தது சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் கையைப் பிடித்து முழங்கையைக் கடித்து மெல்லுகிற மாதிரி காட்டினாள். நான் தின்னப்பட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். மனோரமா ஓடிவந்தாள். எல்லோரும் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று!

சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. ஹெல்விதான் முதலில் எழுந்து போனாள். இடது கையால் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பாஷையில் ஏதோ பாடினாள். அதோடு எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

9-10-79, செவ்வாய்

கடவுளே.

மனோரமா தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஹெல்வி என்னைத் தொட்டுக் கூப்பிட்டு அவளைக் காட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எனக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "மனோரமன் லப்ஸி ஒன் குவொல்லுத்."

மனோரமாவின் குழந்தை இறந்திருக்கிறது.

அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு போய் மனோரமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வலுவில்லாத கையால் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "அண்ணி இன்னா சொல்றாங்க ணா?" என்று மனோரமா கேட்டாள்.

"உன் முடி நல்லா இருக்குதாம்" என்றேன்.

எனக்கு இப்போதுதான் எல்லாம் விளங்குகிறது. இரண்டு பேர் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார்கள், வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை. அவள் என்ன நினைப்பாள்? அவளுக்குப் பால் வற்றிவிட்டது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த மனோரமா, அண்ணி பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள் என்று ஹெல்வி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் தன் பங்குப் பழத்தை மனோரமா தட்டில் வைக்கிறாள். அதனால்தான் மனோரமா பால் கொடுக்கும்போதெல்லாம் காலடியில் உட்கார்ந்துகொள்கிறாள். நன்றி! என் தங்கைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

நான் எப்படிச் சொல்லப் போகிறேன்?

10-10-79

மனோரமாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு, "அண்ணிக்கே குடுத்துடட்டுமா ணா? எனக்கு இன்னொன்னு பொறக்காதா?" என்றாள். வாயை மூடு என்று கத்திவிட்டேன். சொன்ன பிறகு அவளும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே பயம்.

20-10-79, சனி

தீபாவளி. எங்களுக்கு இல்லை. தெருவில் வெடி. ஹெல்வி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு அறையிலேயே இருந்தாள்.

28-10-79, ஞாயிறு

மாப்பிள்ளை கோதண்டபாணி அரக்கோணத்திலிருந்து வந்தார். ரயில்வேயில் வேலை, நல்ல மனுஷர். கார்த்திகை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து மனோரமாவையும் பிள்ளையையும் அழைத்துப்போகிறேன் என்றார். மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளையைத் தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். ஹெல்வி கொடுத்தாள், கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சீக்கிரமே வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இதற்கு மேல் தள்ள முடியாது. மனோரமாவின் பெட்டியும் படுக்கையும் வாசலுக்குப் போவதைப் பார்த்து ஹெல்விக்குத் தெரியக்கூடாது. அதற்கு முன் என் வாயால் தெரிய வேண்டும்.

3-11-79, சனி

சொல்லிவிட்டேன்.

அம்மாவையும் மனோரமாவையும் குழந்தையோடு அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன். மழை வருகிற மாதிரி இருந்தது. ஹெல்வியின் எதிரில் உட்கார்ந்தேன். நாள் கணக்கில் மனப்பாடம் செய்தது. "மனோரமன் லப்ஸி எய் ஒலெ குவொல்லுத்." மனோரமாவின் குழந்தை இறக்கவில்லை. "மெய்டான் லப்ஸி ஒன் குவொல்லுத்." நம் குழந்தை இறந்திருக்கிறது.

அவள் சிரித்தாள்.

நான் மறுபடி குழப்பிவிட்டேன் என்று நினைத்தாள். அன்றைக்குத் தின்னப்பட்டேன் என்று சொன்ன மாதிரி! விரலை ஆட்டி, "எய், எய். மனோரமன்" என்று திருத்தினாள். பிள்ளைக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு. நான் தலையாட்டினேன், இல்லை. மறுபடி சொன்னேன். "மெய்டான்." உன்னையும் என்னையும் தொட்டுக் காட்டிச் சொன்னேன். உன்னையும் என்னையும் — யாரிடம் பேசுகிறேன் நான், அவளிடமா எழுதுகிறேன்? அவளையும் என்னையும்.

மூன்றாம் தடவை சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்றாள். "வலெஹ்தெலெத்." அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் தெரிந்தது. பொய் சொல்கிறாய். பிறகு கேட்டாள்: "மிஸ்ஸா?" எங்கே? இறந்திருந்தால் எங்கே?

  எனக்கே தெரியாது. நைனா எடுத்துக்கொண்டு போனார், எங்கே என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

நான் முழித்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான். பொய் என்று முடிவு கட்டிவிட்டாள்.

4-11-79, ஞாயிறு

நைனாவிடம் கேட்டேன். தறிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"தலைச்சன்டா. அதும் ஆம்பளப் புள்ள. எடத்தைச் சொல்லக் கூடாது."

"பெத்தவனுக்குக்கூடவா நைனா?"

"பெத்தவனுக்குத்தான் மொதல்ல சொல்லக் கூடாது. நீ போவே. அழுவே. நீ போற வழியைப் பார்த்துகினு இன்னொருத்தன் பின்னாடியே வருவான். தலைச்சன் மண்டையோட்டுக்கு அலையறவன் ஊர்ல இல்லன்றியா? மை வெக்கறதுக்குத் தோண்டிகினு போயிடுவான். என் பேரனை நான் அப்டி உட மாட்டேன்."

இதை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். தலைச்சன் பிள்ளையைப் புதைத்த இடத்தில் மேடு கூட வைக்க மாட்டார்கள். தரையோடு தரையாகத் தட்டிவிட்டு, மேலே முள்ளைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வாத்தியாராகி நாலு எழுத்துப் படித்தவன் என்று இதற்கெல்லாம் சிரித்தும் இருக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை. காப்பாற்றுவதற்காகத்தான் மறைத்தார். அவளுக்கோ அதுவே திருட்டாகத் தெரிகிறது. அவள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் பேர் எழுதிக் கல் வைப்பார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அவளே எப்போதோ சொன்னது, தமிழில். காட்ட இடமில்லாத சாவை அவள் எப்படி நம்புவாள்?

"நைனா, அவ நம்ப மாட்டேன்றா" என்றேன். அவர் அடுத்த நூலைக் கோத்தார்.

5-11-79

ஹெல்வி என்னோடு பேசவில்லை. மனோரமாவை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறாள். பழம் வைப்பதில்லை.

6-11-79, செவ்வாய்

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மனோரமா பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தாள். ஹெல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். முதலில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிள்ளை பசிக்கு அழ ஆரம்பித்ததும்தான் கதவைத் தட்டினோம். திறக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார்கள், ஓடிவந்தேன்.

உள்ளே பிள்ளை கத்துகிறது. வெளியே மனோரமா ரவிக்கை நனைய நனையக் கதவில் தலையை முட்டிக்கொள்கிறாள். "அண்ணி, குடுத்துடுங்க அண்ணி, ஒரு வாய் பால் குடுத்துட்டு தர்றேன் அண்ணி." அம்மா கதவை உடைடா என்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்து பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு மூச்சு முட்டும்போல் இருந்தது. எனக்குத் தெரிந்த அத்தனை எச்சத்தையும் கத்தினேன். பசித்திருக்கிறது, அழுதிருக்கிறது, இறந்திருக்கிறது, அவன் இல்லை, அவன் இல்லை. எதை எதோடு சேர்த்தேனோ. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "மிஸ்ஸா?"

நைனா தறியிலிருந்து எழுந்து வந்தார்.

அவர் மருமகள் அறைப் பக்கம் வந்ததே கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் அம்மாவிடம் சொல்லி அனுப்புவார். இன்று நேரே ஜன்னலண்டை வந்து நின்றார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "வள்ளி" என்றார். அவள் திரும்பவில்லை. "எல்லி. எம்மா எல்லி." திரும்பினாள்.

இரண்டு கையையும் சேர்த்து ஜன்னலுக்கு நேரே நீட்டினார். ஒரு பிள்ளையை ஏந்துகிற மாதிரி. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைகூட இல்லை, அவ்வளவு சின்னது. "இம்மாந்தாம்மா இருந்தான். நான்தாம்மா எடுத்துகினு போனேன். என் கையாலதாம்மா." சொல்லிக்கொண்டே நடந்தார், ஜன்னலுக்கு முன்னால் நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம், கையில் இல்லாத பிள்ளையைத் துண்டால் மூடிக்கொண்டு. பிறகு குனிந்து தரையில் வைத்தார். இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினார். அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நைனா அழுது நான் பார்த்ததில்லை.

தாழ்ப்பாள் விலகிற்று. ஹெல்வி வெளியே வந்தாள். பிள்ளையை மனோரமா கையில் கொடுத்தாள். நைனாவின் எதிரில் உட்கார்ந்து அவர் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்து, "ஹௌதத்து?" என்றாள். புதைக்கப்பட்டதா என்கிறாள். அதே செயப்பாட்டு எச்சம். ஒன், என்றேன். ஆமாம்.

நைனா எழுந்து, "வா" என்றார். ஊர் பார்த்துக்கொண்டிருக்கப் பட்டப்பகலில் அவர் முன்னால் போனார். அவள் பின்னால், நான் அதற்கும் பின்னால். நந்தியாற்றங்கரையில் இரண்டு புங்க மரத்துக்கு நடுவே முள் கிடந்தது. முள்ளை அவரே விலக்கினார். தரைதான். ஒன்றுமே இல்லாத தரை. ஹெல்வி அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

பொழுது சாயும்வரை அப்படியே. கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "நுக்குனுத் பொய்ஸ்." வீட்டுக்கு வந்து பார்த்தேன். நுக்குனுத், தூங்கிய. பொய்ஸ், அப்பால். தூங்கிப் போய்விட்டான். நம்மவர்கள் கண்ணை மூடிட்டான் என்பதுபோல. நான் தேடிப்பிடித்து அவள் முகத்தில் எறிந்த சொல்லைவிட இது எவ்வளவு மெத்தென்று இருக்கிறது. புத்தகத்தில் அந்தப் பாடத்தில் இது இல்லை.

8-11-79

நேற்று ஹெல்வி அங்கே கற்களைச் சுற்றி அடுக்கிவிட்டு வந்தாள். இன்று காலை நைனா தனியாகப் போய் ஒவ்வொன்றாக எடுத்து ஆற்றில் போட்டுவிட்டு வந்தார். சண்டை போடத்தான் போனேன். அவர் கையிலெல்லாம் முள் கீறல். திரும்பி வந்துவிட்டேன். அவளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கோபப்படவில்லை. இடம்தான் தெரியுமே.

15-11-79

இது அதைவிட மோசம். சாப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பிள்ளை அழுதால் காதைப் பொத்திக்கொள்கிறாள். "ஒரு தபாகூட தூக்க மாட்டேன்றாங்க ணா" என்று மனோரமா அழுகிறாள். அம்மா என்னைப் பார்க்கிறாள், அது போதும். சொல்லாமலே இருந்திருக்கலாமா? சிரித்துக்கொண்டாவது இருந்தாளே. உண்மையைச் சொல்லிப் பெரிதாக என்ன சாதித்தேன்?

புத்தகத்தைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன்.

16-11-79

எடுத்துவிட்டேன். சாப்பிடு என்று சொல்வதற்காவது வேண்டும்.

23-11-79, வெள்ளி

அம்மா கடைக்குப் போயிருந்தாள், மனோரமா குளித்துக்கொண்டிருந்தாள். தூளியில் பிள்ளை வீறிட்டது. நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். ஹெல்வி எழுந்து வந்தாள். என் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி வாங்கினாள். தோளில் போட்டுத் தட்டினாள். மனோரமா ஈரத் தலையோடு வந்து நின்றாள். ஹெல்வி பிள்ளையை அவளிடம் நீட்டி, "மனோரமன் லப்ஸி" என்றாள்.

மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

2-12-79, ஞாயிறு

மனோரமா இன்று கிளம்பினாள். மாப்பிள்ளை காலை வண்டிக்கே வந்துவிட்டார். ஹெல்வி வர மாட்டாள் என்று நினைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளையை அவள்தான் ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு வந்தாள், கை மாற்றிக் கை மாற்றி. வலது கையும் கொஞ்சம் தாங்குகிறது.

வண்டி வந்தது. மனோரமா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஹெல்வி பிள்ளையை உள்ளே கொடுத்தாள். அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. ஹெல்வி பாதத்தை விட்டாள். "போய்ட்டு வாடா" என்றாள்.

அம்மா "வள்ளி!" என்று கத்திவிட்டாள். மனோரமா ஜன்னலில் கையை நீட்டியபடி அழுதுகொண்டே போனாள். ஹெல்வி எங்களை ஒரு மாதிரி பார்த்தாள், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று. தான் எந்தப் பாஷையில் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு வழி முழுக்க ஒரு சொல்லும் வரவில்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

அம்மா வீட்டுக்குப் போனாள். ஹெல்வி ஆற்றுப் பக்கம் திரும்பினாள். புங்க மரம் வரை கூடப் போனேன், பிறகு நின்றுகொண்டேன். அவள் மட்டும் போய்க் குனிந்து தரையில் கையை வைத்தாள்.

அங்கேயும் ஸ்டேஷனில் சொன்னதையேதான் சொன்னாள்.